பதினாலாம் அறை மணி

எங்க ஆபீஸ்ல என்கிட்ட வர்ற வேலை பெரும்பாலும் ஒரே மாதிரிதான். எங்கயாவது ஒரு புரோகிராம் உறைஞ்சு நின்னா, அந்த நொடியில அதோட மெமரில என்னென்ன இருந்துச்சோ அத்தனையையும் ஒரு ஃபைலா எடுத்து அனுப்புவாங்க. ஸ்னாப்ஷாட்னு பேரு. அதைத் திறந்து, எது இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு, அதைப் போக விடாம எது பிடிச்சிருக்குன்னு நான் கண்டுபிடிக்கணும். பக்கத்து சீட்டுப் பையன், நாங்க எல்லாரும் சோடாபுட்டின்னு கூப்பிடறவன், இதுக்குப் போஸ்ட்மார்ட்டம்னு பேர் வெச்சிருந்தான். அப்பா இறந்து, இருபது நாள் லீவு முடிஞ்சு நான் திரும்பி வந்த அன்னைக்கு மட்டும் அந்த வார்த்தையை அவன் சொல்லலை. அவனுக்கும் கொஞ்சம் மூளை இருக்கு.

"அக்கா, ஒரு ஸ்னாப்ஷாட் உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கு. முதியோர் இல்லத்து மணி சிஸ்டம். நானே பார்த்துடறேன்னேன். மேனேஜர்தான் எழுதினவங்களே பார்க்கட்டும்னுட்டார்."

"எந்த இல்லம்?"

அவன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சான். "அதேதான்கா."

அப்பா இருந்த இல்லம். அங்க ஒவ்வொரு கட்டில்லயும் உள்ளங்கைக்குள்ள அடங்கற மாதிரி ஒரு பொத்தான் இருக்கும். அமுக்கினா நர்ஸ் மேஜையில மணி அடிச்சு அறை நம்பர் தெரியும். அந்தப் புரோகிராம் நான் எழுதினது. அப்பாவை அங்க சேர்க்கவே கூடாதுன்னு தம்பி மல்லுக்கு நின்னப்ப, "நான் எழுதின மணிடா. அவர் கூப்பிட்டா உடனே ஆள் வரும். உன்னைக் கூப்பிட்டா நீ போனையாவது எடுப்பியா?"ன்னு கேட்டு அவன் வாயை அடைச்சேன். பேச்சுல என்னை ஜெயிக்க எங்க வீட்ல ஆள் கிடையாது.

அப்பா போனது ஒரு மத்தியானம். சாப்பிட்ட தட்டை ஒரு மணிக்கு எடுத்திருக்காங்க. நாலு பத்துக்கு டீ கொண்டுபோன நர்ஸ் பார்த்தப்ப உயிர் இல்லை. கையில அந்தப் பொத்தான் இருந்துச்சாம், விரலைப் பிரிச்சுத்தான் எடுத்தாங்களாம். "தூக்கத்துலயே போயிட்டார்மா. யாரையும் கூப்பிடலை. மணியே அடிக்கலை"ன்னாங்க. அப்புறம் குரலைத் தாழ்த்தி இன்னொண்ணும் சொன்னாங்க. டாக்டர் வந்து பார்த்துட்டிருக்கும்போது, சரியா நாலு நாப்பதுக்கு, பதினாலாம் அறை மணி ஒரு தடவை அடிச்சிருக்கு. பொத்தான் ஜன்னலோரத்துல சும்மா கிடந்துச்சாம். யாரும் தொடலையாம்.

தம்பி அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டான். "போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்கார்"னு துக்கம் கேட்க வந்த ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிச் சொல்லி அழுதான். ரெண்டு மாசமா வந்து பார்க்காதவன். அந்த ஒத்தை மணிதான் அவனைச் சோறு தின்ன வெச்சுது. எனக்கு இதுலயெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனா நானும் தலையை ஆட்டினேன். யாருக்கும் தொந்தரவு குடுக்காம போயிட்டார்னு நானும் ஊர் பூரா சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது ஆறுதலா இருந்துச்சு.

ஸ்னாப்ஷாட்டோட தேதியைப் பார்த்தேன். அதே நாள், சாயந்திரம் அஞ்சு மணி. மெமரி நிரம்பி மூச்சு முட்டி நின்னிருக்கு. சரி, வேலையைப் பாருடீன்னு என்னையே அதட்டிக்கிட்டுத் திறந்தேன்.

முக்கால்வாசி இடத்தை ஒரே லிஸ்ட் அடைச்சிருந்துச்சு. உள்ளே ஒன்பதாயிரத்து இருநூத்து முப்பத்தாறு அழுத்தங்கள். பொத்தானை ஒரு தடவை அமுக்கினா மெமரில ஒரு அழுத்தம் உருவாகும். அதுல அறை நம்பரும் நேரமும் இருக்கும், கூடவே அந்த நேரத்துல நர்ஸ் மேஜைத் திரையில தெரிஞ்சதோட ஒரு முழு நகலும் இருக்கும். நர்ஸ் வந்து பதில் குடுத்ததும் அது அழிஞ்சு போகணும். இது எதுவும் அழியலை. முதல் அழுத்தத்தைத் திறந்தேன். அறை பதினாலு. அடுத்ததும் பதினாலு. கீழே உருட்டிக்கிட்டே போனேன். எல்லாமே பதினாலு.

இதையெல்லாம் எது பிடிச்சிருக்குன்னு பார்த்தேன். லிஸ்ட்டோட பேர் வந்துச்சு. 'டெம்ப் அப்பா'. ஏழு மாசத்துக்கு முன்னாடி நான் வெச்ச பேர். டெம்ப்னா தற்காலிகம்.

அய்யோ, அதை நான் மறந்தே போயிருந்தேன்.

அப்பா அங்க சேர்ந்த புதுசுல ஒரு நாளைக்கு நாப்பது தடவை அமுக்குவார். ஓடி வந்து என்னங்க ஐயான்னு கேட்டா, "ஒண்ணுமில்லம்மா, யாராவது இருக்கீங்களான்னு பார்த்தேன்"ம்பார். தலைமை நர்ஸ் என்னைக் கூப்பிட்டு, இப்படியே போனா வேற இடம் பார்த்துக்கங்கன்னு முகத்துல அடிச்ச மாதிரி சொல்லிட்டாங்க. எனக்கு மானம் போச்சு. அன்னைக்கே பதினாலாம் அறைக்கு மட்டும் ஒரு விதி எழுதினேன், யார்கிட்டயும் சொல்லாம. அமுக்கினதும் மணி அடிக்காது. அரை மணி நேரம் பொறுத்து, அதுக்குள்ள வந்த அழுத்தம் எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே தடவை அடிக்கும். ஒரு வாரம், அவர் பழகற வரைக்கும்தான்னு நினைச்சேன். ஒரு தடவை அமுக்கிச் சோதிச்சேன். அரை மணியில அழகா அடிச்சுது. பையைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

ரெண்டாவது தடவை அமுக்கிப் பார்க்கலை. அமுக்கியிருந்தா தெரிஞ்சிருக்கும். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அந்த அரை மணியை முதல்லேருந்து ஆரம்பிக்கற மாதிரி எழுதித் தொலைச்சிருந்தேன். ஆரம்பிச்சா அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அமுக்கற மனுஷனுக்கு அரை மணி எப்படி முடியும்? அவர் கூப்பிடக் கூப்பிட மணி தள்ளிப் போகும். அவர் அலுத்துத் தூங்கினப்புறம்தான் அடிக்கும். "உங்கப்பா இப்பல்லாம் தங்கமான மனுஷன்மா. எப்பவாவது ஒரு மணி அடிக்கும், போய்ப் பார்த்தா தூங்கிட்டிருப்பார்"னு அந்தத் தலைமை நர்ஸ் சிரிச்சாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன். அப்பா அடங்கிட்டார்னு தம்பிகிட்ட பெருமை வேற அடிச்சுக்கிட்டேன்.

அவர் அடங்கவே இல்லை. ஏழு மாசமும் கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்திருக்கார். மணி அடிச்சப்புறம் காலி பண்ண நான் எழுத மறந்த இந்த லிஸ்ட்ல அத்தனையும் கிடந்துச்சு.

எழுந்து போயிடலாம்னு இருந்துச்சு. போகலை. லிஸ்ட்டோட கடைசிக்குப் போனேன்.

அந்த மத்தியானம் ஒண்ணு ஐம்பத்திரண்டுக்கு ஒரு அழுத்தம். பத்து விநாடி கழிச்சு இன்னொண்ணு. அப்புறம் பத்து விநாடிக்கு ஒண்ணு, பத்து விநாடிக்கு ஒண்ணு. பொத்தானை விடாம அமுக்கிப் பிடிச்சா அது அப்படித்தான் அனுப்பும். எண்ணூத்து இருபத்தெட்டு வரி. கடைசி வரி நாலு பத்து, நர்ஸ் விரலைப் பிரிச்ச நேரம். அதுலேருந்து அரை மணி எண்ணினா நாலு நாப்பது.

எந்த வரி வரைக்கும் அது அப்பா, எந்த வரியிலேருந்து அது வெறும் கைன்னு எங்க டூல் எதுவும் சொல்லாது. நான் ஒவ்வொண்ணா திறந்து பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்துச்சு.

சோடாபுட்டி எப்ப என் பின்னாடி வந்து நின்னான்னு தெரியலை. லிஸ்ட்டோட பேரைப் படிச்சிட்டான். "அக்கா, ஏதோ மெமரி லீக், இடம் வீணாப் போச்சுன்னு மட்டும் எழுதிடலாம். யாரும் உள்ளே போய்ப் பார்க்க மாட்டாங்க."

"உன் வேலையைப் பாருடா!"ன்னு கத்திட்டேன். ஆபீஸே திரும்பிப் பார்த்துச்சு. பாவம், எனக்கு நல்லது நினைச்சுத்தான் சொன்னான்.

விதியை அழிச்சேன். அந்த அறைக்கு இன்னும் யாரும் வரலையாம், அது ஒண்ணுதான் நல்லவேளை. ரிப்போர்ட்ல காரணம்னு கேட்ட இடத்துல என் பேரோட நடந்ததை நடந்தபடி எழுதினேன். படிக்கட்டுக்குப் போய்த் தம்பிக்குப் போன் போட்டேன். அன்னைக்குன்னு பார்த்து முதல் ரிங்லயே எடுத்தான்.

"சொல்லுக்கா, சாப்பிட்டியா?"

சொல்லாம விட்டிருக்கலாம். அந்த மணியை அவன்கிட்டயே விட்டு வெச்சிருக்கலாம். ஆனா ஒண்ணும் ஒளிக்காம எல்லாத்தையும் சொன்னேன். நாலு நாப்பதுக்கு அந்த மணி ஏன் அடிச்சுதுங்கறதையும் சொன்னேன். அவன் என்னைத் திட்டுவான்னு காத்திருந்தேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். அவன் மெதுவா ஒண்ணு கேட்டான்.

"அவர் விட்டு விட்டுத்தானேக்கா அமுக்குவார்? அன்னைக்கு மட்டும் ஏன் அப்படி விடாம பிடிச்சிட்டிருந்தார்? விட்டிருந்தா அரை மணியில அடிச்சிருக்குமில்ல?"

எனக்குத் தெரியும். அதுக்கு நாலு நாள் முன்னாடி அப்பா போன் பண்ணினார். "இந்த மணி சரியில்லம்மா, அமுக்கினா யாரும் வர மாட்டேங்கறாங்க"ன்னார். நான் ஏதோ மீட்டிங்குக்குக் கிளம்பிக்கிட்டிருந்தேன். சுள்ளுனு கோவம் வந்துச்சு. என் மணியையா குறை சொல்றார்னு.

"நான்தான்டா சொன்னேன்"னேன். "ஒழுங்கா அமுக்குங்கப்பா, யாராவது வர்ற வரைக்கும் விடாம பிடிங்கன்னு நான்தான் சொன்னேன். சரிம்மா, நீ சொன்னா சரின்னார்."