வந்துட்டேன்

வேலை முடிந்து வீட்டுக் கதவைத் திறக்கும்போது "வந்துட்டேன்" என்று சொல்வேன். பதில் சொல்ல உள்ளே யாரும் இல்லை. சமையலறைக்கு வெளியே இருக்கும் படியில் ஆடிட்டர் காத்திருக்கும்.

அது தெருப்பூனை. யார் பையைத் திறந்தாலும் மூக்கை நுழைத்துச் சோதிப்பதால் குடியிருப்பில் அந்தப் பெயர். யாரையும் தொட விடாது. என் குரலுக்கு மட்டும் எழுந்து வந்து, என் காலருகே உட்கார்ந்து சாப்பிடும். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்கக் குப்பிகளோடு இருப்பவள் நான். மிச்சமிருக்கும் பேச்சை அதனிடம்தான் பேசுவேன்.

இந்த முறை அது குடியிருப்புச் செயலாளரின் காருக்கு அடியில் குட்டி போட்டது. குட்டிகளை மேல்மாடிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

"தாய்க்கு ஒரு வழி பண்ணிடுங்கம்மா," என்றார் செயலாளர். "இல்லன்னா புடிச்சிட்டுப் போக ஞாயித்துக்கிழமை நகராட்சி வண்டிய வரச் சொல்லியிருக்கேன்."

விலங்குக் காப்பகத்துக்குப் போன் செய்தேன். "நாங்க எதையும் கொல்றதில்லைங்க. அதனாலதான் இடமில்ல." நகராட்சிக் கொட்டகையில் இடம் இருந்தது. எப்படி என்று நான் கேட்கவில்லை.

"காப்பகத்துல இடம் கெடச்சிருந்தாலும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்," என்றார் விலங்கு மருத்துவர். "மனுஷ வாடையே ஆகாததுக்கு ஆயுசு பூரா கூண்டு. அதுக்கு நகராட்சி ஊசியே தேவலன்னு சொல்றவங்களும் உண்டு."

"நீங்க என்ன சொல்றீங்க டாக்டர்?"

"கருத்தடை பண்ணி, காது நுனிய வெட்டி, எடுத்த எடத்துலயே விட்டுடுவேன். காதைப் பாத்தா யாரும் திரும்பப் பிடிக்க மாட்டாங்க."

செயலாளர் ஒப்புக்கொண்டார். "குட்டி போடலன்னா எனக்கென்ன, இருந்துட்டுப் போகட்டும். ஆனா ஞாயித்துக்கிழமைக்குள்ள பிடிச்சிடுங்க, சொன்ன வண்டிய நிறுத்த மாட்டேன்."

வெள்ளிக்கிழமை சோறு வைக்கவில்லை. பசித்தால்தான் கூண்டுக்குள் வரும் என்று சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை மாலை விலங்கு மருத்துவமனையில் வேலை செய்யும் அக்கா கூண்டோடு வந்து, உள்ளே மீன் துண்டு வைத்தார். ஆடிட்டர் வாசல்வரை வந்து, முகர்ந்து, உட்கார்ந்துவிட்டது.

"கணக்குப் பாக்குது," என்று கிசுகிசுத்தார் அக்கா. "நீங்க எப்பவும் கூப்பிடுற மாதிரி கூப்பிடுங்க."

விடிந்தால் வண்டி வந்துவிடும்.

"வந்துட்டேன்," என்றேன்.

வாலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனது. கூண்டின் கதவு விழுந்தது. அது கத்தவில்லை. திரும்பி என்னைப் பார்த்தது.

வண்டி வந்து வெறுமனே திரும்பியது. காது நுனி போய்த் திரும்பி வந்த ஆடிட்டர், கூண்டைத் திறந்ததும் ஒரே பாய்ச்சலில் மதிலேறிவிட்டது. இப்போது செயலாளரின் காரின் மேலேயே தூங்குகிறது.

"என்னம்மா இது," என்று சிரித்தார் செயலாளர் ஒருநாள். "என்னப் பாத்தா அசைய மாட்டேங்குது, உங்களப் பாத்தா தலைதெறிக்க ஓடுது. என்ன பொய்க்கணக்கு காட்டினீங்க?"

நானும் சிரித்தேன்.

இப்போதெல்லாம் சாவியைச் சத்தமில்லாமல் திருப்புகிறேன். எதுவும் சொல்வதில்லை. படியில் தட்டை வைத்து, கதவைச் சாத்தி, இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்துகொள்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து, தட்டு படியில் உரசுகிறது.