கடைக்கோடி நாற்காலி

பெரிய டிஸ்க்கிலிருந்து சின்ன டிஸ்க்குக்குக் குடிமாறும்போது, உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் எழுந்து முன்னால் நகர்ந்து உட்கார வேண்டும். காலியான பின்பக்கத்தை வெட்டிவிட்டு மிச்சத்தை அப்படியே புது டிஸ்க்கில் இறக்கிவிடுவார்கள். பொதுவாக யாரும் தகராறு செய்வதில்லை. கோகிலாவின் லேப்டாப்பில்தான் ஒருத்தர் எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார்.

“மத்தவங்க எல்லாரும் நகந்துட்டாங்கம்மா,” என்றார் ரிப்பேர் கடைக்காரர் சாதிக். “கடைசியில ஒரு பெரியவர் மட்டும் அசைய மாட்டேங்கறாரு. அவர் அங்க இருக்கற வரைக்கும் வெட்ட முடியாது. பழைய டிஸ்க்கு சாயங்காலம் வரைக்கும் தாங்கறதே சந்தேகம்.”

திரையைத் திருப்பிக் காட்டினார். கோகிலாவின் கல்யாண வீடியோவில் இருந்த சனம் முழுக்க, மேளக்காரர்கள், பந்தி பரிமாறியவர்கள் உள்பட, முன்னால் போய் நெருக்கியடித்து உட்கார்ந்துவிட்டது. கடைக்கோடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தவர் அவள் புருஷன் கந்தவேலின் பெரிய தாய்மாமன் நல்லமுத்து. அவர் முன்னால் முதுகை வளைத்துக் கைகூப்பி நின்றவர் கோகிலாவின் அப்பா.

அப்பா காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. வேறு எங்கேயும் அவர் இல்லை. இருக்கிற ஓரிடத்திலும் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார்.

அப்பா செய்த குற்றம் இதுதான். கல்யாணப் பத்திரிகை வைக்கக் கிளம்பியவர் பெரிய மாமன் வீட்டுக்குத்தான் முதலில் போயிருக்க வேண்டும். போகிற வழியில் சின்ன மாமன் வீடு வந்துவிட்டது. சித்திரை வெயில். ஒரு சொம்பு மோர் வாங்கிக் குடித்துவிட்டார். மோர் குடித்த வீட்டில் பத்திரிகை வைக்காமல் எப்படி எழுந்து வருவது? வைத்துவிட்டார். அதற்காகப் பெரிய மாமன் மகராசன் கல்யாணத்தன்று மண்டப வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். மாமன் உள்ளே வராமல் தாலியை எடுக்க மாட்டோம் என்றது மாப்பிள்ளை வீடு.

“நீ ஒரு வார்த்தை மன்னிச்சுக்குங்கன்னு சொல்லீரு கோகி,” என்றான் கூட வந்திருந்த கந்தவேல். “எந்திரிச்சுருவாரு. சொன்னா என்ன, கொறஞ்சா போயிருவ?”

“அன்னைக்கும் மாலையப் போட்டுட்டு நின்னு இதையேதான் எங்கப்பங்கிட்டச் சொன்னீங்க. நல்லா வருது எனக்கு வாயில.”

திரைக்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “ஏனுங் பெரியவரே, எந்திரிப்பீங்களா மாட்டீங்களா?”

“மொறைன்னு ஒண்ணு இருக்குதல்லொ,” என்றார் நல்லமுத்து, அவள் முகத்தைப் பார்க்காமலே. “பொண்ணூட்டுக்காரரு பேசி முடிக்கட்டும்.”

பழைய டிஸ்க் கடக் கடக்கென்று சத்தம் போட்டது. சாதிக் மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தார்.

இந்த ஆளிடம் பேசுவதற்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம். கோகிலா அப்பாவைக் கூப்பிட்டாள். “அப்பா, கையக் கீழ போடுங்க.”

“சித்த இரு அம்மிணி. மனசு எறங்கி வர்ற மாதிரிதான் இருக்குது.”

“ஒம்பது வருசமா எறங்குறாரு. நீங்க உக்காருங்க.”

“நான் உக்காந்தா உன்ற கலியாணம் நின்னு போயிருமே சாமி.”

கோகிலா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

“நின்னா நிக்கட்டும்ப்பா,” என்றாள். “உக்காருங்க.”

அப்பா கைகளைப் பிரித்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நிமிர்ந்தார். பக்கத்தில் கிடந்த ஒரு நாற்காலியை இழுத்து, மாமனுக்குச் சரிசமமாக உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நல்லமுத்துவுக்கு அது பொறுக்கவில்லை. விருட்டென்று எழுந்தார். வேட்டியை உதறி மடித்துக் கட்டிக்கொண்டு, டிஸ்க்கின் விளிம்பைத் தாண்டி வெளியே போய்விட்டார். அப்பா நாற்காலியோடு முன்னால் நகர்ந்து வந்தார். சாதிக் பின்பக்கத்தை வெட்டினார்.

புது டிஸ்க்கில் எல்லாரும் பத்திரமாக உட்கார்ந்தார்கள். தாலி கட்டுகிற இடத்தை மட்டும் காணோம்.

“மாமன் வரலீங்கல்ல, முகூர்த்தம் நடக்கலீங்க,” என்றார் சாதிக், லேப்டாப்பின் திருகாணிகளை முடுக்கிக்கொண்டே.

கந்தவேல் செல்போனைச் சட்டைப்பையில் போட்டான். “உங்களுதும் ரிப்பேருங்களா?” என்று கோகிலாவிடம் மரியாதையாகக் கேட்டான். பதிலுக்குக் காத்திராமல், தன் அம்மா வீட்டுக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்க நடந்தான். கோகிலா ஸ்கூட்டரில் வீடு திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வந்தான். அவன் அம்மாவும் நல்லமுத்துவும் பூவும் பழமுமாகக் கூட வந்திருந்தார்கள். பெண் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னார்கள். கோகிலா லேப்டாப்பை டீப்பாய் மேல் திறந்து வைத்தாள். திரையில் அப்பா உட்கார்ந்தபடியே மூன்று பேரையும் மேலும் கீழும் பார்த்தார்.

“மாப்பிள்ளை என்ன பண்றாரு?”

நல்லமுத்து தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு சம்பளம், தோட்டம் எல்லாம் சொன்னார். “நீங்க ஒரு வார்த்தை சொல்லீட்டீங்கன்னா ஆவணியிலயே வெச்சுக்கலாமுங்க.”

“பொண்ணு என்ன சொல்லுதோ,” என்றார் அப்பா.

கோகிலா கந்தவேலை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள்.

“பொண்ணு இன்னும் ரெண்டு எடம் பாத்துட்டுச் சொல்லும்னு சொல்லுங்கப்பா,” என்றாள்.