மூன்றாவது காயில்

பெட்ரோலில் ஒழுங்காக ஓடுகிற கார், ஸ்விட்சைக் கேஸுக்குத் தள்ளியதும் பெத்ரோஹான் கணவாய் ஏற்றத்தில் இருமி இருமி நின்றுபோனது. ஓட்டிவந்த ஸ்தாமெனுக்கு உள்ளூரத் திருப்திதான். மூன்று வருடச் சந்தேகம் பலித்துவிட்டதே! மூன்று வருடத்துக்கு முன் காரில் கேஸ் சாமான் பொருத்திக் கொடுத்தவர் வெல்கோ, மகள் ரலித்சாவின் மாமனார். சம்பந்திதானே, எங்கே போய்க் கேட்கப்போகிறான் என்று பழைய சாமானைத் தள்ளிவிட்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை சோபியா நகரத்தில் பேரனுக்கு ஞானஸ்நானம். "அந்த ஆள் வந்தா நான் வரமாட்டேன்" என்று மகளிடம் போனில் சொல்லியாகிவிட்டது. அவள் அழுதாள். "ஒரு தடவை அவர்கிட்ட வண்டியைக் காட்டுங்கப்பா. அவர் தப்புதான்னா நானே அவரை வர வேண்டாங்கறேன்" என்றாள். அதற்காகத்தான் வெள்ளிக்கிழமை காலை பெர்கோவித்சாவில் வெல்கோவின் பட்டறை வாசலில் போய் ஹாரன் அடித்தார்.

"வாங்க சம்பந்தி! காபி போடட்டுமா?"

"காபி குடிக்க வரலை. உங்க கேஸ் சாமான் செத்துப்போச்சு."

வெல்கோ இன்ஜின் கோளாறைச் சொல்லும் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினார். "இன்ஜின்ல மூணாவது சிலிண்டர் எரிய மாட்டேங்குதுன்னு சொல்லுது."

"பெட்டி யாருது?"

"என்னோடது."

"அப்ப நீங்க சொல்லிக்குடுத்ததைத்தானே சொல்லும்."

வெல்கோ சிரித்துவிட்டார். "சரி. ஒவ்வொரு பிளக் மேலயும் பொறி குடுக்கற காயில் ஒண்ணு இருக்கு. மூணாவதை ஒண்ணுல போடுவோம், ஒண்ணாவதை மூணுல போடுவோம். கோளாறும் கூடவே இடம் மாறுச்சுன்னா காயில்தான் திருடன்."

"நீங்க தொடாதீங்க. நான் கழட்டறேன்."

"ஸ்பானர் தரட்டுமா?"

"என்கிட்டயே இருக்கு."

மனைவியின் சிவப்பு நகப்பூச்சைக் கையோடு கொண்டுவந்திருந்தார் ஸ்தாமென். மூன்றாவது காயிலின் தலையில் ஒரு பொட்டு வைத்தார். "நீங்க பாக்கெட்லேருந்து வேற ஒண்ணை மாத்திட்டா?"

வெல்கோ இரண்டு பாக்கெட்டையும் வெளியே இழுத்துக் காட்டினார். சூரியகாந்தி விதைத் தோல்தான் கொட்டியது.

இடம் மாற்றிப் போட்டுக் கேஸில் ஓட விட்டார்கள். வண்டி அதே மாதிரி இருமியது. பெட்டி இப்போது முதல் சிலிண்டர் என்றது. ஸ்தாமென் குனிந்து பார்த்தார். சிவப்புப் பொட்டு முதல் இடத்தில்தான் இருந்தது.

"காயில்னே வச்சுக்குவோம். அப்ப பெட்ரோல்ல மட்டும் எப்படி ஓடுது?"

"பெட்ரோல் சாது. அரைகுறைப் பொறிக்கே பத்திக்கும். கேஸுக்கு நல்ல பொறி வேணும். காயில் நோஞ்சானானா கேஸ்லதான் முதல்ல தெரியும். பழி கேஸ் வச்சவன் தலையில விழும்."

"காயில் நோஞ்சானானதே உங்க வேலையாலதான்!"

வெல்கோ காயிலை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். அடி ரப்பரில் வெள்ளையாக ஏதோ காய்ந்து கோடு போட்டிருந்தது. அந்தக் கோட்டின் மேலேயே மின்சாரம் பாய்ந்து கருக்கிய தடம். நகத்தால் சுரண்டி முகர்ந்தார்.

"சம்பந்தி, இது சோப்பு."

ஸ்தாமென் காயிலை வாங்கித் தானும் முகர்ந்தார். சனிக்கிழமை தவறாமல், வெல்கோ முடுக்கிய கேஸ் குழாய் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கசிவு பார்த்தது அவர்தான். கசிவே இல்லை என்றால் எங்கோ மறைத்திருக்கிறான் என்று அடுத்த வாரம் இன்னும் அதிகமாக ஊற்றினார். அத்தனையும் வழிந்து மூன்றாவது பிளக் குழியில்தான் இறங்கியிருக்கிறது.

"பிரஷ்ல தொட்டு வச்சாப் போதுமே. குவளை குவளையாவா ஊத்துனீங்க?"

"குமிழி வருதான்னு பாக்க வேண்டாமா?"

"வந்துச்சா?"

"இல்லை."

"ஒரு தடவைகூட?"

"அதான் இல்லைங்கறேனே!"

வெல்கோ பழைய காயிலை ஓரமாக வைத்தார். குழியைக் காற்றடித்துக் காயவைத்துப் புதுக் காயில் போட்டார். அதன் அட்டைப்பெட்டி ஏற்கெனவே பிரித்ததா என்று திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகே ஸ்தாமென் விட்டார். கேஸில் வண்டி சீராக ஓடியது. கால் மணி நேரம் நின்று கேட்டார். இருமல் இல்லை. மகளுக்குப் போன் செய்தார்.

"நான் வர்றேன். உன் மாமனாரும் வரலாம்."

"தப்பு யாருதுப்பா?"

"சோப்போடது" என்று போனை வைத்தார். சுத்தமாக இருந்த கையையே துடைத்துக்கொண்டிருந்த வெல்கோவின் பக்கம் திரும்பினார்.

"ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு ரெடியா இருங்க. என் வண்டியிலதான் வர்றீங்க."

"எனக்குத்தான் வண்டி இருக்கே, சம்பந்தி!"

"உங்க வேலையை நம்பி நான் மட்டும் தனியா மலை ஏறணுமா? நின்னுச்சுன்னா தள்ளறது யாரு?"