நான் போடாத வாக்கு

இரண்டாயிரமாம் ஆண்டு ஒக்டோபரில் இலங்கையில் ஒரு பொதுத் தேர்தல் வைத்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் இன்னொன்று. பதினான்கு மாதம் ஒரு பாராளுமன்றத்தை ஒழுங்காக நடத்தத் தெரியாதவர்கள்தான் நாட்டை நடத்துகிறோம் என்று கிளம்பியிருந்தார்கள். யட்டியாந்தோட்டைக்கு மேலே எங்கள் ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தவன் சொல்கிறேன்: காலையில் ஐந்தாம் மலையில் பால் வெட்டப் போகிறவன் மத்தியானம் பால் நிறுக்கும்போதும் ஐந்தாம் மலைக்காரன்தான். நடுவில் ஆறாம் மலைக்குத் தாவிவிட்டேன், பெயரை அங்கே போடுங்கள் என்று ஒருத்தனும் என்னிடம் வந்து நின்றதில்லை.

பாராளுமன்றத்தில் அதுதான் நடந்தது. நான் வாக்குப் போட்ட மனிதரும் தாவினார். அவர் பெயரைச் சொன்னால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது, ஆகையால் சொல்லவில்லை. பரம்பரைக் கட்சிக்காரர், சாமி கும்பிடுகிறவர், பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கிறவர் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கி அவருக்காகப் பேசியவன் நான். ஒரு நாள் ரேடியோவில் செய்தி வாசிக்கும் பெண் அவர் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னாள். மழை பெய்தது என்று சொல்வதைப்போலச் சொன்னாள்.

அன்றைக்கே ரேடியோவை அலமாரிக்கு மேலே தூக்கி வைத்தேன். பேப்பரை நிறுத்தினேன். இனி இந்த நாட்டுக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை இல்லை என்று ஜெயம்மாவிடம் சொன்னேன். ஜெயம்மா என் மனைவி. நாட்டுக்குச் சொல்லி அனுப்பியாச்சா என்று கேட்டாள்.

ஓய்வு பெற்ற பிறகு தோட்டத்து எல்லையில் சின்ன வீடு ஒன்றில் இருந்தோம். பின்னால் கொஞ்சம் சரிவு நிலம். மிளகுக்கொடி, நாலு பாக்கு மரம், ஒரு பசு. அரசியலை விட்டவனுக்கு வேறென்ன வேண்டும்? விடியும்போது எதிர்மலையில் பனி ஏறும். மரங்கொத்தி ஒன்று எங்கோ தட்டிக்கொண்டிருக்கும். மாடு புல்லைப் போட்டால் தின்னும், மடியில் இருப்பதைத் தரும், வாக்குறுதி எதுவும் கொடுக்காது. மண்ணோடும் மாட்டோடும் வாழ்கிறவனுக்கு எந்தத் தலைவனும் தேவையில்லை என்று பஜாரில் கண்டவர்களிடம் எல்லாம் சொன்னேன். வீட்டிலும் சொன்னேன். அங்கேதான் ஜெயம்மாவால் சிக்கல் வந்தது.

"நீங்களா மாடு வளர்க்கிறீங்க? புல்லு அறுக்கிறது சடையாண்டி. சாணி அள்ளுறது சடையாண்டி. பால் கறக்கிறது நான். நீங்க பக்கத்துல நாற்காலியப் போட்டு ஒக்காந்து அதுகிட்ட அரசாங்கத்தத் திட்டுறீங்க. அதான் பால் கொறையுது."

மேற்பார்வை இல்லாமல் எந்த வேலை நடந்திருக்கிறது? அது அவளுக்குப் புரியாது.

சடையாண்டி என் வயதுக்காரன். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தான். வாழ்நாள் முழுக்க என் கையின் கீழ் பால் வெட்டியவன், இப்போது காலையும் மாலையும் வந்து மாட்டைப் பார்த்துவிட்டு அரைப் போத்தல் பால் வாங்கிப் போவான். அவனுக்கு வாக்கு இல்லை. குடியுரிமை இல்லாமல் கிடந்த தோட்டத் தமிழரை இந்தியாவும் இலங்கையும் பங்கு போட்டுக்கொண்ட ஒப்பந்தக் காலத்தில் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்த ஆள். பாஸ்போர்ட்டும் வந்தது. புறப்படுகிற நேரத்தில் தாய் படுத்துவிட்டாள். அவளை எடுத்து முடித்து மறுபடி பெட்டி கட்டும்போது எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரம், அதற்கப்புறம் கப்பலும் நின்றுபோயிற்று. பாஸ்போர்ட் பெட்டிக்குள்ளேயே காலாவதியானது. இந்தியாவுக்கும் போகவில்லை, இங்கேயும் பெயரில்லை. அடையாள அட்டைகூடக் கிடையாது.

தேர்தலுக்கு ஒரு வாரம் முன்னால் தபால்காரர் என் வாக்காளர் அட்டையைக் கொண்டுவந்தார். அதை நீட்டினால் சாவடியில் வேறு அட்டை கேட்காத காலம் அது. சடையாண்டி அப்போது தொழுவத்தில் நின்றான். அவனிடம் நீட்டினேன்.

"இந்தா, புல்லோட சேத்து மாட்டுக்குக் குடு. அதுக்காச்சும் வயிறு நெறையட்டும்."

அவன் இரண்டு கையாலும் வாங்கினான். நான் திரும்பி என் மிளகுக்கொடியைப் பார்க்கப் போய்விட்டேன்.

தேர்தலன்று என் கை விரல் சுத்தமாக இருந்தது. அதை நாலு பேருக்குக் காட்டவேண்டாமா? தவிடு வாங்குகிற சாக்கில் பிற்பகல் பஜாருக்கு இறங்கினேன். ஹுஸைன் நானா கடையின் ஒரு பலகையை மட்டும் திறந்து வைத்திருந்தார். மை இல்லாத விரலை அவர் முகத்துக்கு நேரே ஆட்டி, இதுதான் என் தீர்ப்பு என்றேன். அவர் தவிட்டை அள்ளுவதை நிறுத்தவில்லை.

"ஒங்கட வோட்டு அப்பிடியே கெடக்கும்னா நெனைக்கிறீங்க கணக்கப்புள்ள? மூணு மணிக்குப் பொறகு மவுத்தானவங்கட வோட்டே நடந்து வந்து விழுகுது. ஒங்கடது உசிரோட இருக்கிற மனுஷன்ட வோட்டு. விட்டு வைப்பாங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் போடாமல் வைத்திருக்கும் வாக்கை ஒரு காலிப்பயல் எடுத்து அந்தத் தாவிய மனிதருக்கே போட்டுவிட்டால்? போடாத வாக்கைக் காப்பாற்ற ஒரே வழி, போய்ப் போட்டுவிடுவதுதான். சீட்டு முழுவதும் குறுக்கே "எல்லாரும் நாசமாய்ப் போங்கள்" என்று நல்ல கையெழுத்தில் எழுதிப் போடுவதாக முடிவு செய்தேன். என் கையெழுத்து மாவட்டத்துக்கே தெரியும். தவிட்டை அங்கேயே போட்டுவிட்டு, சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் அடையாள அட்டையோடு, வாக்குச்சாவடி இருந்த பஜார்ப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன்.

மேசையில் இருந்த பெண் பிள்ளை, எந்தப் பள்ளிக்கூடத்து டீச்சரோ, பட்டியலில் விரலை ஓட்டி நிறுத்தினாள். என் பெயருக்கு மேல் சிவப்புக் கோடு இருந்தது.

"மாத்தயாகே சந்தே தாலா இவரய் நே," என்றாள். ஐயா, உங்கள் வாக்கைப் போட்டாகிவிட்டதே என்கிறாள்!

உடம்பெல்லாம் எரிந்தது. இந்த நாட்டில் வாக்குப் போடுவதற்குத்தான் உரிமை இல்லாமல் முப்பத்தைந்து வயதுவரை இருந்தேன். இப்போது போடாமல் இருப்பதற்கும் உரிமை இல்லை. சிங்களத்தில் எனக்குத் தெரிந்த கௌரவமான சொற்களை முதலில் சொன்னேன், பிறகு மற்றவற்றையும் சொன்னேன். திருடனைப் பிடித்து உள்ளே போடாமல் இந்த இடத்தைவிட்டு நகரமாட்டேன் என்று சத்தம் போட்டேன். பொறுப்பதிகாரி வந்தார். கொன்ஸ்டபிளைக் கூப்பிட்டார். என் முன்னால் ஒரு முறைப்பாட்டுப் படிவத்தை வைத்து, ஆள் மாறாட்டத்துக்கு மறியல்தான், சிறையில் இருக்கவேண்டும், யார் மேலாவது சந்தேகம் இருந்தால் எழுதுங்கள், பொழுது சாய்வதற்குள் பிடித்துவிடலாம் என்றார்.

அந்தப் பெண் பிள்ளைக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

"காலையில் முதலாவதாக வந்தவர். கோயிலுக்கு வருகிறவரைப்போல் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். போகும்போது மறந்து வெறுங்காலோடு போய்விட்டார். செருப்பு இன்னும் அங்கேதான் கிடக்கிறது," என்றாள்.

கொன்ஸ்டபிள் அதை எடுத்துவந்து மேசையருகே போட்டான். ஒன்றின் பட்டி நீலம். மற்றதன் பட்டி சிவப்பு. தினமும் என் தொழுவத்து வாசலில் கிடக்கிற செருப்பு.

பேனை என் கையில் இருந்தது. படிவத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. ஒரு பெயர் எழுதினால் போதும். வடக்கில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. அடையாள அட்டை இல்லாத, காலாவதியான இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற ஒரு தமிழனைப் பொலிஸ் ஜீப்பில் ஏற்றினால் அது ஒரு வாக்கோடு நிற்குமா?

இன்னொன்றும் இருந்தது. அதை இதுவரை ஜெயம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால் லயத்துக்கே குடியுரிமைப் படிவம் நிரப்பிக் கொடுத்தவன் நான்தான். எந்த நாடு என்று ஒவ்வொருத்தரையும் கேட்டு எழுதினேன். சடையாண்டி இங்கேயே இருக்கிறேன் என்றுதான் சொன்னான். இவனுக்கு என்ன தெரியும், அங்கே போனால் நிலம் கொடுப்பார்கள், பிழைத்துக்கொள்வான் என்று இந்தியா என்று எழுதினேன். அவன் பெருவிரலை உருட்டிவிட்டுக் கும்பிட்டுப் போனான். அதே மேசையில் என் படிவத்தில் இலங்கை என்று எழுதினேன். எந்த மந்திரியும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை.

பேனையை மூடிவிட்டேன்.

"மறந்துவிட்டேன், மாத்தயா. காலையில் நான்தான் வந்து போட்டேன். வயதாகிவிட்டது," என்றேன்.

அதிகாரி என் விரலைப் பார்த்தார். சுத்தமான விரல். ரப்பர்ப் பால் உறைய வைக்கிற அசிட்டில் கை பட்டது, மை போய்விட்டது என்றேன். இந்தச் செருப்பு? அதுவும் என்னுடையதுதான் என்றேன். என் காலில் தோல் செருப்பு இருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அந்தப் பெண் பிள்ளை என்னை நன்றாகப் பார்த்துவிட்டுப் பட்டியலில் குனிந்துகொண்டாள். அவள் நல்லாயிருக்க வேண்டும்.

அதிகாரிக்கு எனக்கு மகனாகிற வயதிருக்கும். எழுந்து நின்றார்.

"அப்படியென்றால் மையை அழித்துவிட்டு இரண்டாவது வாக்குப் போட வந்தீர்கள். இந்த வயதில் வெட்கமில்லையா? உங்களைப் போன்றவர்களால்தான் இந்த நாடு இப்படி இருக்கிறது."

இத்தனை வருடமாக ஊருக்கெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்த வசனம். அடுத்தவர் வாயிலிருந்து கேட்டபோது அவ்வளவு நன்றாக இல்லை. வயதைப் பார்த்து விடுகிறேன், ஓடிப்போங்கள் என்றார். வரிசையில் நின்ற பாதிப் பஜாரும் பார்க்க, கொன்ஸ்டபிள் என்னைத் தோளைப் பிடித்துக் கேற்றுக்கு வெளியே விட்டான். ஒரு சோடி ரப்பர்ச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு மலையேறினேன். வழியெல்லாம் அவனை என்னென்ன கேட்பது என்று கோபமாக அடுக்கிக்கொண்டே போனேன்.

சடையாண்டி சரிவில் புல் அறுத்துக்கொண்டிருந்தான். செருப்பை அவன் முன்னால் போட்டேன். அரிவாள் நின்றது. இடது கைச் சின்ன விரலில் மை கருத்திருந்தது. அவன் அதை மறைக்கவில்லை.

"மாட்டுக்குக் குடுன்னு சொன்னேனே?"

"மாடு திங்கலீங்க," என்றான். அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, "ஒருக்கா உள்ள போய்ப் பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு. இன்னும் எத்தனை காலம் இருக்கப் போறேன்? தப்புத்தாங்க. பொலிசுல சொல்லிட்டீங்களா?"

"சொல்லல. யாருக்குப் போட்ட?"

அவன் முகம் தெளிந்தது. "ஒங்க வோட்டாச்சே. ஒங்க ஐயாவுக்குத்தான் போட்டேன். அவரு கட்சி மாறிட்டாரு, சின்னமும் மாறிப்போச்சு, நம்பரும் மாறிப்போச்சு. பஸ் ஸ்டாண்டுல ஒட்டியிருந்த நோட்டீசக் காட்டி நாலு பேருகிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். ரெண்டு தரம் பாத்து, கை நடுங்காம சின்னத்துக்கு நேராப் புள்ளடி போட்டேனுங்க. ஒங்க வோட்டு தப்பான ஆளுக்குப் போயிடக் கூடாதுல்ல."

யாருக்காக நான் ரேடியோவைத் தூக்கி வைத்தேனோ அந்த மனிதருக்கு! சிரிப்பதா அவனை அறைவதா என்று தெரியாமல் நின்றேன். இரண்டும் வரவில்லை. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அந்த அறைக்குள் போனவன், அங்கேயும் எனக்காகத்தான் வேலை செய்துவிட்டு வந்திருக்கிறான்.

"சரி. அது ஒன்னோட வோட்டா இருந்தா யாருக்குப் போட்டிருப்ப, சடையாண்டி?"

அவன் அறுத்த புல்லைச் சேர்த்துக் கட்டினான். கட்டை முழங்காலால் அழுத்தி முடிச்சை இறுக்கினான். தலைக்குத் தூக்கிக்கொண்டு என்னை நேராகப் பார்த்தான்.

"அத ஒங்ககிட்டச் சொல்ல மாட்டேங்க," என்றான். "நான் சொன்னத விட்டுட்டு நீங்க வேற எழுதிருவீங்க."