ஓரம் வெட்டிய படம்

பாலக்கரையில் ஷரீபாவின் ஆல்பத்தைப் பார்த்து வாயைப் பிளக்காதவர்கள் இல்லை. ஒரு பக்கத்துக்கு இரண்டு படம், மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் அடைத்தால் சந்தைக்கடை என்பாள். படத்தில் இருப்பவர் இடப்பக்கம் பார்த்தால் வலப்பக்கம் ஒட்ட வேண்டும். பார்வை பக்கத்துக்குள் விழ வேண்டும், வெளியே ஓடக் கூடாது. யாரும் சொல்லித் தரவில்லை. புருஷன் குத்புதீன் பினாங்குக்குப் போன நாளிலிருந்து அவள் குடும்பம் நடத்தியது அந்த ஆல்பத்தோடுதான்.

அவன் கடித உறைகளிலிருந்து தபால்தலைகளைக் கத்தரித்துப் பக்கங்களுக்குக் கரை கட்டினாள். மிச்ச உறை அடுப்புக்குப் போயிற்று.

அறுபதாம் வருஷம் நோன்பு சமயத்தில் ஒரு படம் மட்டும் வந்தது. ஏதோ கடை வாசலில் நிற்கிறான். பின்புறம் மையால், "வேலை மாறிவிட்டேன். விலாசம் கீழே. கடிதம் பிறகு." கடிதம் வரட்டும், சேர்த்துப் பதில் போடலாம் என்று இருந்துவிட்டாள் பாவி. அதற்குள் படம் ஆல்பத்துக்குப் போய்விட்டது. அவன் தலைக்கு மேல் கடைப் பலகை இருந்தது. எழுத்து இருந்தால் கண் அங்கேதான் போகும், முகம் அடிபட்டுப் போகும் என்று மேல் ஓரத்தை வெட்டினாள். படத்தைச் செருகும் மூலைக் காகிதம் மூன்றுதான் மிச்சம். மூன்று மூலையோடு ஒரு படமா? மைதாப் பசை காய்ச்சி அழுத்தி ஒட்டினாள். எதிர்ப்பக்கத்தில், அவனைப் பார்த்தபடி, முன்பே மூலைக் காகிதத்தில் செருகியிருந்த தன் படம்.

கடிதம் வரவேயில்லை. பழைய விலாசத்துக்குப் போட்டவை திரும்பி வந்தன. படத்தைப் பிரித்தால் கிழிந்துவிடுமோ என்று பயம். பிரித்து, எழுதி, அதற்கும் பதில் வராவிட்டால் என்பது அதைவிடப் பெரிய பயம். இப்படியே இரண்டு வருஷம் ஓடிற்று.

அடுத்த வீட்டு ஜெகபர் அலி வந்து சொன்னான். "அக்கா, வெள்ளிக்கிழமை நாகப்பட்டினத்துல பினாங்கு கப்பல் ஏறறேன். அண்ணன் விலாசத்தக் குடுங்க. நேர்ல போயிப் பாத்துட்டுத்தான் மறுவேலை."

தட்டில் வெந்நீர் ஊற்றி, பக்கத்தோடு படத்தை ஊறவைத்தாள். பசை இளகிற்று. தண்ணீரும் நீலமாயிற்று. திருப்பிப் பார்த்தாள். 'விலாசம் கீழே' என்பது மட்டும் மங்கலாக நின்றது. கீழே ஒன்றுமில்லை.

ஜெகபர் அலி படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். "மேல ஏதோ போர்டு இருந்திருக்கேக்கா. எழுத்தோட கால் மட்டும் தெரியுது. மிச்சம் எங்க?"

"வெட்டிட்டேன்."

"ஏங்க்கா?"

"அவங்க மூஞ்சி எடுப்பாத் தெரியணும்னு."

அவன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "சரி, படத்தையாச்சும் குடுங்க. காமிச்சு விசாரிக்கிறேன்" என்று ஈரத்தை வேட்டியில் ஒற்றி எடுத்துக்கொண்டு போனான். அத்தனை பெரிய ஊரில் யாரிடம் காட்டுவான்?

ஆல்பம் திறந்தபடி கிடந்தது. ஒரு பக்கம் ஊறி உப்பிய வெறும் அட்டை. மறுபக்கம் அவள் படம், இல்லாத ஆளைப் பார்த்துக்கொண்டு. பக்கம் ஒருபுறமாய்ச் சாய்ந்தாற்போல் இருந்தது. தன் படத்தை நடுவுக்கு நகர்த்தினால் சரியாகிவிடும் என்று அவள் கை நீண்டது. அந்தக் கையைப் பார்த்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நகர்த்தினாள்.