கோழிக்கறிதான் கொடுத்தேன்

கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தபோது சிரித்தவர் மாவட்ட மன்ற உறுப்பினர் ஹோங் மட்டும்தான். டாக்டர் லியாவும், ஆய்வகத்துப் போ-யென்னும், நானும் கருவியையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

எங்கள் ஆஸ்பத்திரியின் தாய்ப்பால் வங்கியைப் பார்வையிட அன்று காலை ஹோங் வந்திருந்தார். மறுநாள் பத்து மணிக்கு மன்றத்தில் ஓட்டெடுப்பு. வங்கிக்கு மாவட்டம் கொடுக்கும் நிதியை இன்னும் மூன்று வருடத்துக்கு நீட்டிப்பதா, இந்த மாதத்தோடு நிறுத்துவதா என்று. ஹோங் நிறுத்தச் சொல்கிற கட்சி. ஊரான் பிள்ளைக்குப் பால் கொடுக்க வரிப்பணமா என்று உள்ளூர் டி.வி.யில் கேட்டவர். அவர் மனத்தை மாற்றத்தான் டாக்டர் லியாவ் புதிதாக வந்த பரிசோதனைக் கருவியைக் காட்டினார். எந்த பாட்டிலை வேண்டுமானாலும் எடுங்கள், ஒரு சொட்டு போதும், சாராயம் கலந்திருந்தால் உடனே சொல்லிவிடும் என்றார்.

ஹோங் உறைபெட்டிக்குள் கையை விட்டு ஒரு பாட்டிலை உருவினார். மேலே பால் கொடுத்தவரின் எண், இருபத்தேழு. நான் வெந்நீரில் வைத்து உருக்கினேன். போ-யென் ஒரு சொட்டு விட்டான். சிவப்பு.

"உங்க தாய்மாருங்க நல்லாத்தான் கொண்டாடுறாங்க டாக்டர்" என்றார் ஹோங்.

கருவி புதிது, இன்னும் சரியாகப் பொருத்தவில்லை என்று டாக்டர் சமாளித்தார். ஹோங் தலையாட்டிக்கொண்டே காரில் ஏறினார். கார் வாசலைத் தாண்டியதும் டாக்டர் என் பக்கம் திரும்பினார். ஓட்டெடுப்பு முடிகிறவரை யாரும் வாய் திறக்கக் கூடாது, அதற்குள் எல்லா பாட்டிலையும் சோதித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மத்தியானம் இரண்டு மணிக்குச் சோதனை முடிந்தது. நூற்று நாற்பது பாட்டிலில் முப்பத்தெட்டு சிவப்பு. ஐந்து பெண்கள் கொடுத்தவை.

ஐந்து பேரின் படிவங்களையும் மேஜையில் பரப்பினேன். எல்லாமே என் கையெழுத்து. பால் கொடுக்க முன்வருகிற பெண்ணின் வீட்டுக்குப் போய், கேள்வி கேட்டு, பதில் எழுதி, ஐஸ் பெட்டியோடு வருவது பதினொரு வருடமாக என் வேலை. மது அருந்துவீர்களா? இல்லை. ஐந்து படிவத்திலும் அதே பதில். ஐந்து பேர் பொய் சொல்வார்களா? ஒருத்தி பள்ளிக்கூட டீச்சர். ஒருத்தி வீட்டில் பீர் டப்பாவைக்கூட நான் பார்த்ததில்லை.

போ-யென் என் தோளுக்குப் பின்னால் நின்று பிரசவத் தேதிகளைப் படித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"ஜுன் அக்கா, அஞ்சு பேருக்கும் புள்ள பொறந்து இன்னும் மாசம் ஆகல."

"அதனால என்ன?"

"மாசம் உக்காந்திருக்காங்க, பெத்த ஒடம்பு தேற ஒரு மாசம் வீட்டோட. என் பொண்டாட்டி உக்காந்தப்ப எங்க வீட்டுக்கு வாரம் ஒரு பெட்டி அரிசி மது வந்துச்சு. எங்கம்மா கோழி சமைக்க."

நான் இருபத்தேழாம் எண் படிவத்தைக் கையில் எடுத்தேன்.

எள்ளெண்ணெயில் இஞ்சியை வதக்கி, கோழியைப் போட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் முழுக்க அரிசி மதுவிலேயே கொதிக்க வைப்பது. பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் மூன்று வேளையும் அதுதான். எனக்குப் பிள்ளை பிறந்தபோதும் அதைத்தான் கொடுத்தார்கள். அதை யாராவது மது என்று சொல்வார்களா? அது சாப்பாடு. இருபத்தேழாம் எண் யி-ருவின் வீட்டுக்கு நான் போன அன்றுகூட அடுப்பில் அது கொதித்துக்கொண்டிருந்தது. தரையில் ஆறு மது பாட்டில். ஐஸ் பெட்டி வைக்க இடமில்லாமல் அதில் ஒன்றைக் காலால் தள்ளி வைத்தேன். பிறகு அவளுடைய மாமியார் நீட்டிய கிண்ணத்தை வாங்கி, குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று பாராட்டினேன். அதன் பின்தான் பேனாவை எடுத்து 'இல்லை' என்று எழுதினேன்.

"இருபத்தேழு யாருக்குப் போச்சு?" என்று கேட்டேன்.

போ-யென் ஏட்டைப் புரட்டினான். மின்-லியின் மகன். மூன்று நாளாக.

குறைமாதக் குழந்தைகள் இருக்கும் நாலாவது மாடிக்கு, லிஃப்ட்டுக்குக் காத்திருக்காமல் படியில் ஓடினேன். மின்-லியின் மகன் பன்னிரண்டு வாரம் முன்னதாகப் பிறந்தவன். ஆயிரத்து நூறு கிராம். குடல் வீங்கி ஒரு தடவை அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. பவுடர் பால் கொடுத்தால் மறுபடி வீங்கும் என்று டாக்டர் எழுதியே வைத்திருந்தார். பிரசவத்தில் ரத்தம் போய் மின்-லிக்குப் பால் சுரக்கவே இல்லை. வங்கிப் பால் ஒன்றுதான் அவனுக்கு வழி.

அவன் தூங்கிக்கொண்டிருந்தான். மூன்று நாளாகவே அப்படித்தான். குழாய் மாற்றினாலும் அழுவதில்லை. சமர்த்துப் பிள்ளை என்று நர்சுகள் கொஞ்சினார்கள். நானும் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருக்கிறேன்.

டாக்டர் லியாவிடம் சொன்னேன். உடனே பாலை நிறுத்தி ரத்தம் எடுத்தார். அளவு கொஞ்சம்தான், பெரியவர்கள் உடம்புக்கு அது ஒன்றுமே இல்லை, ஆனால் இவன் ஒரு கிலோ என்றார். நரம்பில் சர்க்கரைத் தண்ணீர் ஏற்றினார்கள். நான் அவன் படுத்திருந்த கண்ணாடிப் பெட்டி பக்கத்திலேயே நின்றேன். ஐந்தரை மணிக்கு அவன் காலை உதைத்துக்கொண்டு வீறிட்டான். நர்சு சுவரில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

சோதித்துத் தேறிய பாலில் மறுபடி ஆரம்பித்தார்கள். அது இருபது நாளைக்கு வரும். அதற்கப்புறம் மன்றம் நிதி கொடுத்தால்தான் பால்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு யி-ரு வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். யி-ரு பால் கறக்கும் கருவியை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வேளையும் சாப்பிட்ட கையோடு கறந்திருக்கிறாள், சத்து நிறைய இருக்கும் என்று. அவளுடைய மாமியார் கரண்டியோடு வந்து நின்றாள்.

"நான் என்ன சாராயமா ஊத்திக் கொடுத்தேன்? கோழிக்கறிதான் கொடுத்தேன்."

"தெரியும் அத்தை. தப்பு என்னோடது."

"உனக்கும்தான் கொடுத்தேன். நீ ஒண்ணும் சொல்லலியே" என்றாள். திட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றாள். யி-ரு தொட்டிலில் இருந்த தன் பெண்ணைத் தூக்கி, மூச்சு வருகிறதா என்று கன்னத்தை வைத்துப் பார்த்தாள்.

மன்றத்துக்கு வந்து எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன் என்றதும் டாக்டர் லியாவ் ஆஸ்பத்திரி வாசலிலேயே மறித்தார்.

"இன்னிக்கு ஒரு நாள் பொறு ஜுன். ஓட்டு விழட்டும். நாளைக்கு நானே சொல்றேன். இப்ப சொன்னா வங்கியே போயிடும். அந்தப் பையனுக்கு யார் பால் கொடுப்பா?"

"இங்கேருந்து பால் வாங்கிட்டுப் போன ஆஸ்பத்திரி ரெண்டு இருக்கு டாக்டர். காலைல போன் பண்ணேன். மாவட்டத்துலேருந்து கடிதம் வராம பாட்டிலைத் திருப்பி அனுப்ப மாட்டாங்களாம். கடிதம் நாளைக்கா?"

அவர் வழி விட்டார்.

மன்றத்தில் முப்பத்தேழு பேர். எனக்கு ஒலிபெருக்கியைப் பிடித்துப் பேசிப் பழக்கமில்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னேன். ஹோங் எழுந்தார்.

"படிவம் எழுதுனது யாரு?"

"நான்தான் ஐயா."

"என்ன கேட்ட?"

"மது குடிப்பீங்களான்னு கேட்டேன்."

"கோழி?"

"கேக்கல. எனக்குத் தோணவே இல்ல. ஐயா வீட்டுல யாராவது பெத்துட்டு வந்திருந்தா, அவங்ககிட்ட குடிச்சியான்னு கேப்பீங்களா?"

முன்வரிசையில் ஒரு பெண் உறுப்பினர் குபுக்கென்று சிரித்தாள். பாதிச் சிரிப்பில் நின்றுபோனாள். கையை வாயில் வைத்தாள். கைப்பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். அவளுடைய மருமகளுக்குப் பிரசவமாகிப் பத்து நாள் என்று பிறகு தெரிந்தது. அடுத்து பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். அப்புறம் இருவர். தாழ்வாரத்தில் அவர்கள் கத்திப் பேசுவது உள்ளே கேட்டது. அதைச் சாப்பிடாதே, இப்ப பால் கொடுக்காதே, அம்மாவிடம் போனைக் கொடு. தலைவர் மணியடித்தும் யாரும் அமரவில்லை. ஹோங் மட்டும் இடத்தை விட்டு நகராமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் சிரிப்பு இப்போது அவர் முகத்தில் இல்லை.

அரை மணி கழித்து ஓட்டெடுப்பு நடந்தது. கருவி இருந்ததால்தான் இது வெளியே வந்தது, வங்கியை மூடினால் கருவியும் மூடும் என்று சிலர் பேசினார்கள். கவனமில்லாதவர்கள் கையில் ஊர்ப் பிள்ளைகளை எப்படிக் கொடுப்பது என்று சிலர். ஹோங் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். நிதி மூன்று வருடம் இல்லை, ஒரு வருடம். படிவம் எழுதினவர் அந்த வேலையில் இருக்கக் கூடாது. பத்தொன்பதுக்குப் பதினெட்டில் நிறைவேறியது. பத்தொன்பதாவது கை ஹோங்குடையது. அவர் கை தூக்கியதைப் பார்த்து அவர் கட்சிக்காரர்களே திகைத்தார்கள்.

இரண்டு ஆஸ்பத்திரிக்கும் மத்தியானமே கடிதம் போயிற்று. என் சாவிக் கொத்தைப் போ-யென்னிடம் கொடுத்தேன். மறுநாளிலிருந்து எனக்குச் சலவைப் பிரிவு.

மின்-லியை அன்று மாலை அவள் வார்டில் போய்ப் பார்த்தேன். பாலில் கோளாறு என்று டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார். யாரால் என்று சொல்லவில்லை. அவள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். போனில், மகன் தூங்கும் படம். உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிய படம் அது.

நான் நின்றபடியே சொன்னேன். கோழி, கிண்ணம், பேனா, எல்லாம்.

அவள் அழவில்லை. என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நாளைக்கு அவனுக்குப் பால் இருக்கா?"

"இருக்கு. ஒரு வருஷத்துக்கு இருக்கு."

"சோதிச்சதா?"

"ஒவ்வொரு பாட்டிலும்."

"யாரு சோதிக்கிறது?"

"நான் இல்ல" என்றேன்.

அவள் தலையசைத்தாள். கையை நீட்டி, கட்டிலைச் சுற்றியிருந்த திரையை இழுத்து மூடினாள்.