ஆறடி ஆளின் சன்னல்

முழங்கால் உடைந்ததிலிருந்து எனக்கு இருந்தது ஒரே குறைதான்: அவர் படகு கரைக்கு வருவதைப் பார்க்க முடியவில்லை. ஆற்றில் ஆட்களை அக்கரைக்கும் இக்கரைக்கும் கொண்டுபோகிற படகு என் வீட்டுக்காரருடையது. கல்யாணமான நாளிலிருந்து சாயங்காலமானால் துறையில் போய் நிற்பவள் நான். இப்போது வீட்டுக்குள் உட்கார்ந்து என்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதை வாய்விட்டுச் சொன்னது என் அக்கா மகளிடம் மட்டும்தான். கட்டடக்கலை படித்தவள். ஒட்டடைக்கம்பு மாதிரி வளர்ந்திருப்பதால் வீட்டில் எல்லோருக்கும் அவள் கொக்கு. உட்கார்ந்தபடியே ஆற்றைப் பார்க்க ஒரு அறை கட்டித் தருகிறேன் என்றாள்.

வரைந்து கொண்டுவந்தாள். தண்ணீர் ஓரம், தூண்கள்மேல் தூக்கி நிறுத்திய ஒற்றை அறை. பின்வாசலிலிருந்து படியே இல்லாமல் நடந்து போகலாம். பூசாத சிமென்ட் சுவர், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சன்னல். கொத்தனார் பாதியில் ஓடிவிட்டாரா என்று கேட்டேன்; பூசாததுதான் அழகாம். தூணும் நீளச் சன்னலும் கார்பூசியே என்ற வெளிநாட்டுக் கட்டடக்கலைஞரைப் பார்த்துக் கற்றதாம். உயரங்களுக்கும் அந்த மனிதர் ஒரு கணக்கு வைத்திருக்கிறாராம், ஆறடி ஆள் ஒருவனை நிறுத்தி அளந்த கணக்கு. கொக்கு அதை அச்சு அசலாகப் பின்பற்றினாள். நானோ ஐந்தடிக்கும் குறைவு. இது அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அறை முடிந்ததும் கைத்தாங்கலாக அழைத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்தாள். வானம் தெரிந்தது, மேகம் தெரிந்தது, ஆற்றைக் காணோம். என் நெற்றிக்கு மேலேதான் சன்னலே ஆரம்பித்தது.

எப்படி இருக்கிறது என்று கேட்டாள். வெயிலில் நின்று நின்று கறுத்துப்போயிருந்தாள். எனக்காக லீவையெல்லாம் தீர்த்தவள். அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்ல?

"அருமையா இருக்குடி," என்றேன்.

அந்த நேரம் பார்த்துப் படகுச் சத்தம் கேட்டது. பாழாய்ப்போன பழக்கம் விடுமா? சன்னல் விளிம்பைப் பிடித்து எழப் பார்த்தேன். முழங்கால் சுரீரென்றது, பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். கொக்கு என்னையே பார்த்தாள். பிறகு பக்கத்தில் குத்தவைத்து, தலையை என் தலைக்குச் சமமாக இறக்கி, எதிரே இருந்த சுவரைப் பார்த்தாள். எழுந்துபோய்க் கொத்தனாருக்குப் போன் செய்தாள்.

சுவரை அறுக்கக் கூடாது, பட்ட பாடெல்லாம் வீணாகும் என்று நான் திட்டாத திட்டு இல்லை.

"இங்க உக்காரப் போறது கார்பூசியே இல்ல சித்தி, நீங்க. கொஞ்சம் அசையாம இருங்க, கோடு போடணும்."

மடி உயரத்துக்குச் சுவரை அறுத்து இறக்கினார்கள். தூசி அடங்கிய அன்று சாயங்காலம் மறுபடி உட்கார்ந்தேன். ஆறு முழுக்க என் முன்னால் கிடந்தது. படகு வந்தது. சுக்கானைப் பிடித்தபடி அவர் துறையைப் பார்க்காமல் எங்கள் வீட்டுப் பக்கமே கண்ணை ஓட்டிக்கொண்டு வந்தார்.

"தினமும் இப்படித்தான் பாத்துக்கிட்டே வருவாரு சித்தி. வேலை நடக்குறப்ப நான் கவனிச்சிருக்கேன்," என்றாள் கொக்கு.

குழம்பில் உப்பில்லை என்று சொல்ல வாய் வரும். இதை ஒரு நாளாவது சொன்னாரா மனுஷன்? நான் ஒருத்திதான் ஏங்கிக்கொண்டிருக்கிறேன் என்றல்லவா நினைத்திருந்தேன். சன்னலில் என் முகத்தைக் கண்டதும் துறையை விட்டுப் படகை நேரே எங்கள் பக்கம் திருப்பிவிட்டார். படகில் இருந்தவர்கள் கத்தினார்கள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கொக்கின் சிமென்ட் படிந்த கையை இழுத்து என் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.